வரவு யார் கணக்கில்? பற்று யார் பேரில்?

2024 ஜனவரி 10-ந் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தைக் கமிஷன் பதினொரு பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி வழங்கியது. மறுநாளே நியூயார்க்கில் வியாபாரம் தொடங்கிவிட்டது. அந்த ஒரு நாளில் மட்டும் 460 கோடி டாலர் கைமாறியதாக உலகப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் கொட்டை கொட்டையாகப் போட்டன. "பணம் வெள்ளமாகப் பாய்கிறது" என்று தரகுக் கம்பெனிகள் கோஷம் எழுப்பின. அந்தக் கோஷம் கடல் கடந்து, காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் நூல் மில் இளைஞனின் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது.

எங்கோ வால் ஸ்ட்ரீட்டில் நடக்கும் சூதாட்டத்துக்கும், சிவகங்கைச் சீமையில் நாற்று நடுகிறவர்களுக்கும் பஞ்சாலையில் இழை முடிகிறவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்றுதான் நாம் சொல்கிறோம். ஒரு மாதக் கூலியை அந்தக் காசில் போட்டுவிட்டு விழிக்கிற பையன்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நமது வருங்கால வைப்பு நிதிப் பணம் எந்த வகை நிதிகளுக்குப் போகிறது என்பது. அதைப் பிறகு சொல்லுகிறோம். முதலில் அந்த 460 கோடி டாலர் என்ற கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கணக்கு என்றால் செட்டிநாட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நிதி என்பது என்ன? ஒரு கம்பெனி பிட்காயின் என்ற மின்னணுக் காசை வாங்கிப் பூட்டி வைக்கிறது. அந்த இருப்பின் பேரில் பங்குகள் வெளியிடுகிறது. அந்தப் பங்குகளைச் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். நமக்குத் தெரிந்த மாதிரி சொல்வதானால், கிட்டங்கியில் நூறு மூட்டை நெல் இருக்கிறது. அதற்கு நூறு ரசீது. ஒரு ரசீதை இராமன் முருகனுக்கு விற்கிறான், முருகன் காதருக்கு விற்கிறான், காதர் அந்தோணிக்கு விற்கிறான். மாலைக்குள் அது பத்துக் கை மாறிவிடுகிறது. பத்து மூட்டை வியாபாரம் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் கிட்டங்கியில் ஒரு மூட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

460 கோடி டாலர் என்பது அந்த ரசீது கைமாறிய கணக்கு. உண்மையில் எவ்வளவு புதுப் பணம் உள்ளே வந்தது என்று பார்த்தால், முதல் நாள் நிகர வரவு சுமார் 65 கோடி டாலர்தான். ஏழில் ஒரு பங்கு! புது ரசீது எழுதப்பட்டதா, பழைய ரசீது கிழிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. கைமாற்றத்தை வரவு என்று காட்டுகிற தந்திரம் வால் ஸ்ட்ரீட்டுக்குப் புதியதல்ல. ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்துப் போட்ட பத்திரிகைகளை என்ன சொல்வது?

இன்னும் ஒரு சங்கதி. திறந்த கடைகளில் ஒன்று புதுக்கடையே அல்ல. கிரேஸ்கேல் என்ற கம்பெனி பத்து ஆண்டுகளாக நடத்திவந்த பழைய நிதி, புதுப் பலகை மாட்டிக்கொண்டு வந்தது. அதனிடம் ஆறு லட்சத்துக்கு மேல் பிட்காயின் இருந்தது. அதுவரை அதற்குள் போட்ட பணத்தை வாபஸ் வாங்க வழி கிடையாது. பலகை மாற்றிய அன்றே கதவு திறந்தது. கிரேஸ்கேல் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரை டாலர் கட்டணம் கேட்டது. புதுக் கம்பெனிகள் கால் டாலர் அளவுக்கே கேட்டன. பிறகு யார் அங்கே இருப்பார்கள்? அங்கிருந்து பணம் வெளியேறியது. அதில் ஒரு பகுதி பக்கத்துக் கடைக்குப் போனது. பழைய கடையை மறைத்துவிட்டு, புதுக்கடையில் வந்ததை மட்டும் "பாய்ச்சல்" என்று காட்டினார்கள். மேலைக் கண்மாயில் வடிந்த தண்ணீர் கீழைக் கண்மாயில் ஏறியதைப் பார்த்துவிட்டு ஊரில் மழை பெய்தது என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அந்த வெளியேற்றத்திலும் ஒரு பெரிய துண்டு, போண்டியாகிப்போன எஃப்.டி.எக்ஸ். கம்பெனியின் சொத்தை விற்றது. கிட்டத்தட்ட நூறு கோடி டாலர். லட்சக்கணக்கானவர்களின் பணத்தைச் சுருட்டியதற்காக அதன் முதலாளிக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கக் கோர்ட்டு 25 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. திவாலான கடையின் சாமான் ஏலத்தையும் சேர்த்துத்தான் அந்த ஜனவரியின் "சந்தைப் போக்கு" கணக்கிடப்பட்டது.

திறப்பு விழா நடந்த பன்னிரண்டு நாளில் பிட்காயின் விலை 49,000 டாலரிலிருந்து 39,000 டாலருக்குக் கீழே விழுந்தது. மார்ச் நடுவில் 73,000-ஐத் தாண்டியது. விழுந்தபோது "பழைய நிதியிலிருந்து விற்கிறார்கள்" என்றார்கள். ஏறியபோது "புது நிதியில் வாங்குகிறார்கள்" என்றார்கள். எந்தப் பக்கம் போனாலும் காரணம் கையில் இருக்கிறது! அதே ஆண்டு ஏப்ரலில் பிட்காயின் புதிதாக உற்பத்தியாகும் அளவு பாதியாகக் குறைய இருந்தது. அமெரிக்காவில் வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரிக்காமல் எல்லாப் புகழையும் புதுக்கடைக்குச் சூட்டுவது வியாபார விளம்பரம், அவ்வளவுதான்.

எந்த நாளிலிருந்து அளப்பது என்பதும் சாமானிய விஷயம் அல்ல. உலகத்தின் மிகப் பெரிய நிதிக் கம்பெனியான பிளாக்ராக், அனுமதி கேட்டு மனுப் போட்டது 2023 ஜூன் 15-ந் தேதி. அன்று பிட்காயின் விலை சுமார் 25,000 டாலர். அனுமதி வருவதற்குள்ளேயே அது 46,000 ஆகிவிட்டது. கடை திறக்கும் முன்பே கூட்டம் வாங்கி அடுக்கிவிட்டது. ஆகவே திறந்த நாளை "முன்" என்றும் அடுத்த நாளை "பின்" என்றும் வைத்து அளந்தால் பாதிச் சங்கதி விட்டுப்போகும். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டதுமே மேல்மடைக்காரர் வாய்க்காலை வெட்டிவிட்டால், கடைமடையில் வந்து அளக்கிறவனுக்கு என்ன தெரியும்?

இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. அனுமதிக்கு முந்திய நாள், ஜனவரி 9-ந் தேதி, கமிஷனின் அதிகாரபூர்வச் சமூக வலைத்தளக் கணக்கையே யாரோ திருடி, "அனுமதி கொடுத்தாயிற்று" என்று பொய்ச் செய்தி போட்டார்கள். சில நிமிஷங்களில் விலை துள்ளி ஏறியது. பொய் என்று தெரிந்ததும் சரிந்தது. ஒரு மூட்டை சரக்கு நகரவில்லை. ஒரு வதந்தி மட்டுமே நகர்ந்தது. அதற்குள் ஏற்றத்தில் வாங்கியவன் யார், விற்றவன் யார் என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2024-க்கு முன்னும் இதே நாடகம் இரண்டு முறை நடந்தது. 2017 டிசம்பர் 17-ந் தேதி சிக்காகோவில் பிட்காயின் முன்பேர வியாபாரத்தைப் பெரிய சந்தை தொடங்கியது. அன்றுதான் விலை 20,000 டாலரைத் தொடும் உச்சம். பிறகு ஓராண்டு ஒரே சரிவு. அதுவரை ஏறும் என்று நம்பியவன் மட்டுமே பந்தயம் கட்ட முடிந்தது, விழும் என்று நினைத்தவனுக்கு வழி இல்லை, முன்பேரம் அந்த வழியைத் திறந்தது என்று சான்பிரான்சிஸ்கோ மத்திய வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் 2018 மே மாதம் எழுதினார்கள். இரண்டாவது, 2021 அக்டோபர் 19. முன்பேர ஒப்பந்தங்களை வைத்து முதல் அமெரிக்க நிதி திறந்தது. மூன்று வாரத்தில் விலை 69,000. ஓராண்டு கழித்து 16,000-க்கும் கீழே. திறப்பு விழாவுக்குப் போனவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?

மூன்று திறப்பும் மூன்று விதம். ஒன்றில் விழுந்தது, ஒன்றில் ஏறி விழுந்தது, ஒன்றில் விழுந்து ஏறியது. 2024 ஏப்ரல் 30-ல் ஹாங்காங்கில் திறந்த நிதிகளோ நியூயார்க்கின் முதல் நாளோடு ஒப்பிட்டால் ஒரு பெட்டிக்கடை வியாபாரம்கூட நடத்தவில்லை. கடை திறந்தாலே பணம் பாயும் என்ற மந்திரம் அங்கே பலிக்கவில்லை.

நம் நாட்டில் மடை திறக்கவில்லை, அடைத்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கக்கூடாது. ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவிகிதம் முன்பிடித்தம். ஜூலை முதல் சில நாட்களிலேயே உள்நாட்டுச் சந்தைகளின் வியாபாரம் பாதிக்கு மேல் சரிந்தது. உடனே சர்க்கார் பக்கத்தார் "சூதாட்டம் ஒடுங்கியது" என்றார்கள். கம்பெனிகள் பக்கத்தார் "வரியால் தொழில் அழிந்தது" என்றார்கள்.

இரண்டும் அவசரத் தீர்ப்பு. அந்த மே மாதத்தில்தான் டெரா என்ற காசு ஒரே வாரத்தில் தவிடுபொடியானது. ஜூனில் உலகம் முழுதும் விலை சரிந்தது. வரி போடாத நாடுகளிலும் வியாபாரம் குறைந்தது. ஆகவே வரியின் விளைவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், ஒரே மழை பெய்த இரண்டு கண்மாயை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மடை அடைத்தது, மற்றொன்றில் அடைக்கவில்லை. இரண்டிலும் நீர்மட்டம் எவ்வளவு மாறியது? அந்த வித்தியாசம்தான் மடையின் கணக்கு. இதை நம் ஊர் நீர்பாய்ச்சியிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். டெல்லியிலுள்ள எஸ்யா மையம் என்ற ஆய்வு நிறுவனம், 2022 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 32,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வியாபாரம் வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போனதாக மதிப்பிட்டது. மதிப்பீடுதான். கூடக் குறைய இருக்கலாம். ஆனால் திசை தெளிவு. இந்த மடையை அடைத்ததும் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறியது. சூதாட்டம் ஒடுங்கவில்லை, இடம் பெயர்ந்தது. 2023 டிசம்பர் இறுதியில் ஒன்பது வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியதே அதற்குச் சாட்சி.

பணம் இடம் பெயர்வதைப் பற்றிச் செட்டிநாட்டு மண்ணில் உட்கார்ந்து எழுதும்போது பர்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. கானாடுகாத்தான் மாளிகைகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றும் ஒரு பணப் பாய்ச்சலின் பதிவுதான். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து எண்ணியது. பர்மாவில் 1,650 செட்டியார் லேவாதேவிக் கடைகள். புழங்கிய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய். இந்த எண்ணிக்கை சாத்தியமானதற்குக் காரணம், அந்தக் கடைகளில் பேரேடு இருந்தது, வரவு பற்று இருந்தது, ஐந்தொகை இருந்தது. நடப்பு வட்டி எவ்வளவு என்று ரங்கூன் மொகல் தெருவில் கூடி நிர்ணயித்தார்கள். இங்கே ஒரு வட்டிக்கு வாங்கி, அங்கே அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தார்கள். இடைவெளிதான் லாபம்.

ஆனால் பாய்ச்சலை மட்டும் அளந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. வயல் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1937-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. பர்மிய விவசாயி நிலம் இழந்தான். இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து அறுவடைக்குப் போன நம் கூலியாட்கள் அந்த ஆத்திரத்தின் அடியை வாங்கினார்கள். 1942-ல் நடந்தே திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பண வரவைப் பார்த்து "செழிப்பு" என்று எழுதியவர்கள், பற்று யார் பேரில் எழுதப்பட்டது என்று பார்க்கவில்லை.

அந்த வட்டி இடைவெளி வியாபாரம் இன்று புது வேஷத்தில் நடக்கிறது. பெரிய நிதிக் கம்பெனிகள் நியூயார்க்கில் பிட்காயின் நிதியை வாங்கும். அதே நேரத்தில் சிக்காகோவில் அதே அளவு முன்பேரத்தில் விற்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி அவர்கள் பையில். இந்த வாங்குதலும் "நிதிக்குள் வரவு" என்றே பதிவாகிறது. அதைப் பார்த்து நம்பிக்கை பெருகுகிறது என்று சின்ன ஆள் வாங்குகிறான். 2025 பிப்ரவரியில் இடைவெளி சுருங்கியதும் அவர்கள் மூட்டை கட்டினார்கள். ஒரே நாளில் நூறு கோடி டாலர் அளவுக்கு நிதிகளிலிருந்து வெளியேறியது. 2024 முழுவதும் வந்த நிகர வரவு சுமார் 3,500 கோடி டாலர் என்று பெருமை பேசுகிறவர்கள், அதில் எத்தனை கோடி இந்த வாடகைப் பணம் என்று பிரித்துக் காட்டினால் நல்லது.

நேரமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் இந்தக் காசு இரவு பகல், சனி ஞாயிறு பாராமல் ஓடியது. நிதிகள் வந்தபின் சனி ஞாயிறு வியாபாரத்தின் பங்கு குறைந்தது. நியூயார்க் சந்தை மூடும் நேரத்தைச் சுற்றி வியாபாரம் குவிகிறது. ஏனென்றால் அந்த நேரத்து விலையை வைத்துத்தான் நிதியின் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். நியூயார்க் திறப்பது குளிர்காலத்தில் நம் நேரம் இரவு எட்டு மணிக்கு. மூடுவது இரவு இரண்டரைக்கு. இரண்டாவது ஷிப்டு முடித்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் கைபேசியை உற்றுப் பார்க்கிற பையனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன், பகல் வெளிச்சத்தில், நூறு கணிப்பொறிகளோடு வேலை செய்கிற வால் ஸ்ட்ரீட் ஆள். இதைச் சந்தை என்கிறார்கள்.

சின்ன ஆள் என்ன ஆனான்? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சர்வதேசத் தீர்வு வங்கியே கணக்கெடுத்தது. 2015 முதல் 2022 வரை 95 நாடுகளில் கைபேசிச் செயலி வழியே வந்தவர்களைப் பார்த்தால், நாலில் மூன்று பேர் நஷ்டப்பட்டிருப்பார்கள் என்பது அதன் முடிவு. விலை சரிந்த நாட்களில் பெரிய கைகள் விற்றன, சின்னக் கைகள் வாங்கின என்றும் அது கண்டது. இது கம்யூனிஸ்டுப் பத்திரிகையின் கற்பனை அல்ல, மத்திய வங்கிகளின் வங்கி சொல்வது. நம் நாட்டுப் பங்கு முன்பேரச் சந்தையைப் பற்றி செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு எண்ணில் சொல்கிறது. மூன்று ஆண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம். மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கோடி ரூபாய். அதே சந்தையில் 2023-24-ல் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கில் 33,000 கோடியும், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 28,000 கோடியும் மொத்த லாபம். இதுவல்லவா பாய்ச்சலின் திசை!

திருட்டும் இந்தக் கணக்கில் உண்டு. 2024 ஜூலை 18-ந் தேதி வாசிர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையின் பெட்டகத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் பெறுமான காசு பறிபோனது. பேரேட்டில் அதுவும் ஒரு கைமாற்றம்தான். கிரிப்டோ என்பது சொத்து, அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2025 அக்டோபரில் கூறியது. போட்டவர்களுக்கு அது ஓரளவு ஆறுதல். ஆனால் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கும் மின்னணுப் பேரேட்டில், காசு எங்கிருந்து எங்கே போனது என்பது தெரிகிறது. யாரிடமிருந்து யாருக்கு என்பது தெரிவதில்லை. நூறு ஆண்டுக்கு முந்திய பனை ஓலைச் சுவடிக்காரனின் கணக்கில் பேராவது இருந்தது.

இனி நமது வருங்கால வைப்பு நிதி விஷயம். 2015 ஆகஸ்டில் முதல் முறையாகத் தொழிலாளியின் வைப்பு நிதிப் பணம் பங்குச் சந்தை நிதிகளுக்குள் போடப்பட்டது. புதிதாக வரும் பணத்தில் முதலில் நூற்றுக்கு ஐந்து. 2017-க்குள் அது பதினைந்து ஆயிற்று. அவை கிரிப்டோ நிதிகள் அல்ல, பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட நிதிகள். ஆனால் அமைப்பு ஒன்றே. நம் நாட்டில் நேரடி பிட்காயின் நிதி எதற்கும் செபி அனுமதி தந்ததில்லை. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நிதிகள் திறந்த முதல் மூன்று மாதத்திலேயே விஸ்கான்சின் ராஜ்யத்து ஊழியர்களின் பென்ஷன் பணத்தில் 16 கோடி டாலர் அளவுக்கு அவற்றில் போடப்பட்டது. ஓராண்டு கழித்து விற்று வெளியே வந்தார்கள். விலை ஏறியிருந்ததால் தப்பித்தார்கள். 2025 ஆகஸ்ட் 7-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப், தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளைக் கிரிப்டோவுக்குத் திறந்துவிட வழி செய்யும் உத்தரவில் கையெழுத்திட்டார். இரண்டே மாதத்தில், அக்டோபர் 6-ந் தேதி பிட்காயின் 1,26,000 டாலர் உச்சம் தொட்டது. 10-ந் தேதி ஒரு நாள் சரிவில் கடன் வாங்கிக் கட்டிய பந்தயங்கள் 1,900 கோடி டாலர் அளவுக்கு அழிந்தன. நவம்பரில் விலை 90,000-க்கும் கீழே போனது.

காளையார்கோயில் தேசியப் பஞ்சாலையின் கதிர்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கடைசிப் பிடிமானமாக இருந்தது வைப்பு நிதி ஒன்றுதான். அதை எந்தக் கடையின் திறப்பு விழாவுக்கும் மொய்யாக எழுத முடியாது.

ஆகவே நாம் கேட்பது இவை. வைப்பு நிதி, பென்ஷன் பணம் எந்த வடிவிலும் கிரிப்டோ நிதிகளுக்குப் போகக்கூடாது என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். இங்கே இப்படிப்பட்ட நிதியை அனுமதிக்கும் யோசனை எப்போது வந்தாலும், கைமாற்றம் வேறு, நிகர வரவு வேறு என்று பிரித்துத் தினமும் வெளியிட வேண்டும். அந்த வரவில் முன்பேரத்துக்கு ஈடுகட்டிய பணம் எவ்வளவு, சாதாரண மக்களின் பணம் எவ்வளவு என்று காட்ட வேண்டும். பங்கு முன்பேரத்துக்கு செபி எடுத்த மாதிரி, கிரிப்டோவில் நஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று சர்க்கார் கணக்கெடுக்க வேண்டும். 30 சதவிகித வரியும் ஒரு சதவிகித முன்பிடித்தமும் வசூலாகிற இடத்தில் அந்தக் கணக்குக்குத் தேவையான விவரம் எல்லாம் இருக்கிறது. வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு எண்ணவும் தெரியும்.

வைப்பு நிதி மத்திய டிரஸ்டி போர்டில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பத்து ஆசனங்கள் சட்டப்படி உண்டு. சங்கங்கள் அந்தப் பத்துப் பேரிடமும் இந்தக் கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்க வேண்டும்.